ஒரே ஃபைபரில் நெட், டிவி: கீழ் சேனல்கள் உடைகின்றன, உதவி தேவை

வணக்கம் தோழர்களே. திருவொற்றியூரில் 1490 நானோமீட்டர் ஒளியில் ஜிபான் (ஃபைபர் இன்டர்நெட்), 1550இல் கேபிள் டிவி, இரண்டும் ஒரே ஃபைபரில். டிவி ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு 17 டிபிஎம் (ஒளி வலிமையின் அளவு). பிறகு ஒளியை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டர், தெருமுனைப் பெட்டியில் 1:4. வீட்டில் 1550 மைனஸ் 3 டிபிஎம், 1490 மைனஸ் 17. பவர் மீட்டரில் குறையே தெரியாது. ஆனால் கீழ் அலைவரிசை சேனல்களில் எம்இஆர் (சிக்னல் தரத்தின் அளவு) 35இலிருந்து 28 டிபிக்கு இறங்கி, படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

இரவு 2 மணிக்கு ஜிபான் போர்ட்டை மட்டும் அணைத்தோம். எம்இஆர் 3 டிபி ஏறியது. ஆக, 1490 ஒளி ஃபைபருக்குள்ளேயே 1550இல் தன் ஏற்ற இறக்கத்தைப் பதிக்கும் ராமன் விளைவு உண்டு. மீதி?

ஃபைபரில் ஒளி எங்கே திரும்புகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் 1.8 கிலோமீட்டரில் ஒரு கூர்முனை. அங்கே பாட்ச் பேனலில் பச்சை கனெக்டரை நீல கனெக்டரோடு சேர்த்திருக்கிறார்கள். பச்சையின் 8 டிகிரி சாய்ந்த முகமும் நீலத்தின் நேர்முகமும் ஒட்டாது. இடையில் காற்று, அதில் ஒளி திரும்புகிறது. மாற்றியதும் 2 டிபி மீண்டது. பக்கத்து முனைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் விளிம்பில் வெள்ளைப் படிகங்கள், கடற்காற்று உப்பாகத்தான் இருக்கும். உலர் துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, பிறகே உலர்த்துகிறோம்.

இப்போது இரண்டு கேள்விகள். 1:8இல் சும்மா திறந்திருக்கும் மூன்று நீல முனைகள், ஒவ்வொன்றும் 4 சதவீதம் திருப்பும். ஸ்ப்ளிட்டரை இருமுறை கடந்து மைனஸ் 35 டிபி ஆகிறது. இதற்கு ஒளியைத் திரும்பவிடாத டெர்மினேட்டர் மூடி போடுவது பலன் தருமா? அடுத்து, ஜிபான் பக்கம், இரண்டு ஒளிகளையும் சேர்க்கும் கலப்பானுக்கு முன், ஒளியைக் குறைக்கும் 3 டிபி அட்டெனுவேட்டர் போட்டால் ராமன் 6 டிபி குறைய வேண்டும். வீட்டில் மைனஸ் 20 வந்தாலும் மைனஸ் 27 வரை தாங்கும். வீட்டிலிருந்து திரும்ப மேலேறும் 1310 ஒளிக்கும் அதே இழப்பு என்பதுதான் தயக்கம். செய்து பார்த்தவர்கள் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோடு சொல்லுங்கள்.