கொல்லிமலைக்கு ஆம்புலன்ஸ்: வேன் வாங்குவதா, பிக்கப்பில் பெட்டி கட்டுவதா?

மலைக்காரன், தண்டையார்பேட்டை

வணக்கம். சொந்த ஊர் கொல்லிமலை, செம்மேட்டிலிருந்து இன்னும் உள்ளே. இங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்கித் தரப் பணம் போட்டிருக்கிறோம். 108 உண்டு. ஆனால் அது ஒரு கேஸோடு நாமக்கல் இறங்கிவிட்டால், திரும்ப 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரவேண்டும். பாதிப் பேர் பொலிரோ பிக்கப் வாங்கிப் பின்னால் பெட்டி கட்டலாம், அமெரிக்காவில் அப்படித்தான் என்கிறார்கள். மீதிப் பேர் டிராவலர் வேன் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை பட்டறை

தம்பி, பாடி கட்டுகிறவன் நானே சொல்கிறேன், பிக்கப் வேண்டாம்.

அமெரிக்காக்காரன் பெட்டி கட்டுவது உண்மைதான். லாரி சேஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் பெட்டி வைத்தால் முதல் வகை, முழு வேன் இரண்டாம் வகை, வேனின் முன்பக்கத்தை மட்டும் வைத்துப் பின்னால் பெட்டி ஏற்றினால் மூன்றாம் வகை. அலுமினியப் பெட்டி. சேஸ் தேய்ந்தால் பெட்டியைக் கழற்றிப் புது சேஸில் உட்கார வைத்துவிடுவான். அதற்கென்றே சஸ்பென்ஷன் போட்ட பெரிய சேஸ் அது. நம்ம பிக்கப்பின் பின்பட்டை, அதாவது பின்சக்கர ஸ்பிரிங், ஒரு டன்னுக்கு மேல் சரக்கு தாங்கச் செய்தது. ஒரு நோயாளி, ஒரு துணையாள், ஒரு சிலிண்டர் வெயிட்டுக்கு அது அசையவே அசையாது. ஒவ்வொரு குழியும் நோயாளியின் முதுகில்தான் இறங்கும். மேலே உயரமான பெட்டி வேறு, வளைவில் சாயும்.

ஆர்சியில் சரக்கு வண்டி என்று இருப்பதை, பெயின்ட் அடித்து சைரன் வைத்து ஆம்புலன்ஸ் ஆக்க முடியாது. ஆம்புலன்ஸ் எப்படி இருக்கவேண்டும் என்று ஏஐஎஸ்-125 என்ற விதியே நம் நாட்டில் இருக்கிறது, ஏ முதல் டி வரை நாலு வகை. அதன்படி கம்பெனியே கட்டித்தரும் வேனை வாங்குங்கள்.

போன மழையில் ஒரு பிக்கப் ஆம்புலன்ஸ் ரிப்பேருக்கு வந்தது. எங்கே கட்டினார்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்ட்ரெச்சர் லாக்கை வெறும் பிளைவுட்டில் தகர ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தான். கையால் ஆட்டினேன், ஸ்க்ரூ ஈரத்தூளோடு வெளியே வந்துவிட்டது. அது கீழே இரும்பு பிரேமில் போல்ட் போட்டு நிற்கவேண்டியது. சிலிண்டரை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

எந்த வண்டி எடுத்தாலும் உள்ளே குனிந்து பாருங்கள். தரைவிரிப்பு சுவரில் நாலு விரல் உயரம் மடிந்து ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் கழுவும் தண்ணீரும் ரத்தமும் ஓரத்தில் இறங்கி, அப்புறம் நாற்றம் போகவே போகாது.

கேள்வி கேட்பவன்

டிராவலரை விட டாடாவின் விங்கர் வேன் தாழ்வாக இருக்கிறதே, ஏற்ற இறக்க வசதிதானே?

மூலக்கடை பட்டறை

வசதிதான், சமவெளியில் நல்ல வண்டி. ஆனால் அது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. மேட்டில் வெயிட் பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஈர மண்ணில் வழுக்கும். டிராவலருக்குப் பின்சக்கர இழுவை. அதிலும் நீளம் குறைந்ததைப் பாருங்கள், வளைவில் ரிவர்ஸ் எடுக்கும் வேலை குறையும்.

எண்ணூர் பைலட்

அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது தலை தாழ்ந்து கால் உயரும். மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கு அது நரகம், முதுகுப் பலகையை நிமிர்த்த வேண்டும். அந்த லீவர் எளிதாக வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பக்கவாட்டு பெஞ்சில் ஈஎம்டிக்கு, அதாவது கூட வரும் மருத்துவ உதவியாளருக்கு, பெல்ட் அவசியம், கையில் ஊசியோடு அவர் விழக்கூடாது.

தார் ரோடு இல்லாத கிராமத்துக்குள் வேன் போகாது. அங்கிருந்து ரோடு வரைக்கும் தூளியில்தானே தூக்கி வருகிறீர்கள்? மீதிப் பணத்தில் பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்று பாருங்கள். அப்புறம், ராத்திரி டூட்டிக்கு டிரைவர் யார், அவர் சம்பளம் யார் தருவது என்று முடிவு செய்துவிட்டீர்களா?

மலைக்காரன்

அதை இன்னும் பேசவில்லை சார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதலில் அதைத்தான் எடுக்கிறோம்.