புதுப்பிப்பு: ஹாஸ்கெலுக்கு ஆர்ச்சா டெபியனா (4 ஜிபி ராம் மடிக்கணினி)

என்ர 4 ஜிபி ராம் மடிக்கணினியில ஹாஸ்கெல் (ஒரு நிரல்மொழி) எழுத ஆர்ச் லினக்ஸ் போடுறதா டெபியன் லினக்ஸ் போடுறதா எண்டு முன்னம் கேட்டிருந்தன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. "டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) எதுவெண்டாலும் பரவாயில்லை, கம்பைலரை (நிரலை ஓடக்கூடியதா மாத்திற மென்பொருளை) மட்டும் அதின்ர மென்பொருள் களஞ்சியத்திலயிருந்து எடுக்காதேங்கோ" எண்டதுதான் சரிவந்தது.

டெபியன் 12 போட்டாச்சு. களஞ்சியத்தில இருக்கிறது ஜிஹெச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) 9.0.2, பழசு, அதால ஜிஹெச்சிஅப் (கம்பைலரை நிறுவுற கருவி) வழியா புதுசு போட்டன். யாழ்ப்பாணத்தில டேட்டா கார்ட் பாவிக்கிற ஆக்கள் கவனம், இறக்கம் சில நூறு எம்பி வரும்.

முதல் பில்ட், லிங்க் பண்ணேக்க (நிரல் துண்டுகளை இணைக்கேக்க) "-எல்ஜிஎம்பி காணேல்லை" எண்டு நிண்டுது, அதாவது ஜிஎம்பி எண்ட பெரிய எண் கணக்கு நூலகம் இல்லை. லிப்ஜிஎம்பி-டெவ் பொதியை ஆப்டால (டெபியன்ர நிறுவல் கருவியால) போட்டவுடன ஓடிச்சு.

எதிர்பாராதது: கேபல் (ஹாஸ்கெல் பில்ட் கருவி), சிபியூவில கோர் எத்தனையோ அத்தனை வேலையை ஒரேயடியாத் தொடங்கும். 4 ஜிபி ராம் நிரம்பி மெஷின் உறைஞ்சிடும். கேபல் கான்ஃபிக் கோப்பில ஜாப்ஸை (ஒரே நேரத்தில நடக்கிற வேலை எண்ணிக்கையை) 1 ஆக்குங்கோ. பில்ட் ஆறுதலாத்தான் நடக்கும், ஆனா முடியும்.