புதுப்பிப்பு: விபத்து வீடியோ பார்க்கும் பழக்கம்

போன பதிவு ஞாபகம் இருக்கும்: சிசிடிவி விபத்துக் காட்சி வந்தாலே கை தானா அமுக்கிடுது, அப்புறம் ராத்திரி தூக்கம் போகுதுன்னு எழுதியிருந்தேன். "மனசைக் கட்டுப்படுத்துங்க"ன்னு சொன்ன அண்ணன்மார்களுக்கு நன்றி, அது மட்டும் வேலைக்கு ஆகலை.

வேலைக்கு ஆனது வாட்ஸ்அப் செட்டிங்ஸ். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள்ள மீடியா ஆட்டோ டவுன்லோடில் வீடியோ டிக்கை எடுத்துட்டேன், வைஃபைக்கும் சேர்த்து. இப்போ மங்கலான படம்தான் தெரியுது, தொட்டால்தான் இறங்கும். அந்த ரெண்டு வினாடியில் பாதி ஆர்வம் போயிடுது. மீதிப் பாதிக்கு, என்ன நடந்ததுன்னு செய்தியா வாசிச்சுக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது காரணம்தான், ரத்தம் இல்லைன்னு அதில் புரிஞ்சது.

டெட்ரிஸ் (மேலேர்ந்து விழற கட்டங்களை அடுக்குற வீடியோ கேம்) ஆடினா பார்த்த காட்சி மனசில் திரும்பத் திரும்ப வர்றது குறையுமான்னு கேட்டவங்களுக்கு: 2009ல் ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழு அதைச் சோதிச்சது. கோரக் காட்சிப் படம் பார்த்து அரை மணி கழிச்சு 10 நிமிஷம் டெட்ரிஸ் ஆடினவங்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் மனசில் திடீர்னு வந்து போறது குறைஞ்சதாம். அந்த விளையாட்டும் நினைவில் படம் பதியறதும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுதுங்கறது அவங்க விளக்கம். அடுத்த வருஷ ஆய்வில் வார்த்தை வினாடி வினாவுக்கு இந்தப் பலன் கிடைக்கலை. அதனால வினாடி வினா வேண்டாம், கட்டம் அடுக்குங்க.

தூக்கமே வராம தவிக்கிறவங்க அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்க, இலவசம், தமிழிலேயே பேசலாம். குடும்ப குரூப்பில் இன்னும் அனுப்பிட்டிருக்கிற சித்தப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.