எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) முடிந்து கல்லூரி வாசல்வரை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல் அப்பா:
எட்டு ஏ எடுத்தும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் பட்டியலில் மகள் பெயர் இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு.வின் முடிவு வர இன்னும் நாளிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சனிக்கிழமையே கோலாலம்பூரில் ஒரு கல்விக் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். ஒரு தனியார் கல்லூரி மேசையில் இருந்த தம்பி, "அங்கிள், இன்றைக்கே பதிந்தால் 500 வெள்ளி போதும், மிச்சத்துக்குப் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது" என்றார். நான் பேனாவை எடுத்தபோது மகள் மேசைக்கடியில் தன் கைப்பேசியை என் முழங்கால்மேல் வைத்தாள். நேரமாகிவிட்டது என்று காட்டுகிறாள் என நினைத்துத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். காரில் ஏறியதும்தான் பார்த்தேன். "அப்பா வேண்டாம். எம்.கியூ.ஆர். பட்டியலில் இந்தப் படிப்பே இல்லை." அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடான அதை அங்கேயே உட்கார்ந்து தேடியிருக்கிறாள். பணம் திரும்பி வரவில்லை, போகட்டும். பக்கத்திலேயே இருந்தவள் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை? அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

கெலுகோர் அம்மா:
அண்ணே, நீங்களாவது ஒரு கையெழுத்தோடு நிறுத்தினீர்கள். நான் இரண்டு வருடம் தப்புக் கணக்குப் போட்டேன். மகன் நான்காம் படிவத்தில் சாரணர் இயக்கத்தில் இருந்தான். சனிக்கிழமை டியூஷனுக்கு இடிக்கிறது என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். யு.பி.யு. மதிப்பெண்ணில் பாடத்துக்கு 90, சாரணர் போன்ற புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10. அந்தப் பத்தில் பாதிகூட அவனுக்கு வரவில்லை. கேட்ட படிப்பும் கிடைக்கவில்லை. அன்று அலமாரியைத் திறந்தால் சாரணர் சட்டை தொங்குகிறது. தைக்காத சின்னம் ஒன்று பையில் அப்படியே இருக்கிறது, கடை உறைகூடப் பிரிக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஆறாம் படிவத்தில் சேர்த்தோம்.

சுங்கை டுவா மாணவன்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "வேறு வழியில்லாமல்" என்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் ஒன்றரை வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் படிவம் சேர்ந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். "மெட்ரிக் கிடைக்கலையா? பாவம்" என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது சில்லென்று ஆகியும் ஆற்றினார். மூன்று பருவத் தேர்வு, பொதுப்பாடம், மூயெட் என்கிற ஆங்கிலத் தேர்வு, எல்லாம் எழுதி இப்போது யு.எஸ்.எம். என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. பள்ளிச் செலவும் குறைவு. உங்கள் மகன் முன்னால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீர்கள் அக்கா.

பணி ஓய்வு ஆசிரியை:
ஐந்தாம் படிவ மாணவி ஒருத்திக்கு மலாய்மொழியில் கிரெடிட் (சி-யும் அதற்கு மேலும்) இல்லை, மற்றதெல்லாம் ஏ. முடிவுத்தாளை என்னிடம் நீட்டியபோது அந்த ஒரு வரியைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். என்னால் மறக்க முடியவில்லை.

சரி, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால் அரசாங்கப் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அப்புறம், செந்தூல் தம்பி சொன்ன எம்.கியூ.ஆர். பட்டியல். அது எல்லாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பதிவேடு. கல்லூரி பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பு, அதே பெயரில், அதே வளாகத்துக்கு இருக்க வேண்டும். விளம்பரத்தாளில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர் என்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் தராது. மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலையும் பாருங்கள், வெளிநாடு போவதாக இருந்தால் கட்டாயம். முகவர் வாய்ச்சொல்லை நம்பிப் போய், படித்துத் திரும்பிய பிறகு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பணம் கட்டுமுன் திருப்பித் தரும் விதியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யு.பி.யு.வில் இடம் இல்லை என்று வந்தால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு, ஆனால் நாள் குறைவு. புறப்பாடச் சான்றிதழ்களை முதல் படிவத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
டீச்சர், எல்லாம் சரி. ஆனால் 2024 ஜூனில் அரசாங்கம் என்ன அறிவித்தது? 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம். கேட்டு நானும் கைதட்டினேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் எடுப்பதே ஒன்பது பாடம்தானே" என்றாள். பத்தாவதாகத் தமிழ் இலக்கியம் எடுக்க ஆசைப்பட்டவள் அவள். பள்ளியில் சொல்லித்தர ஆளில்லை. வெளியே வகுப்புக்கு அனுப்பு என்று சிலர் சொன்னார்கள். ஏற்றி இறக்க வண்டி இல்லாத வீட்டில் அதையும் விட்டுவிட்டோம். விட்டது நான்.

செந்தூல் அப்பா:
டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தப் பதிவேட்டை நானே திறந்தேன். எழுத்து சின்னதாக இருந்தது. மகளைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடித்த கணக்கியல் படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதிக்கொண்டேன்.