ஏப்ரல் ஸ்கீ டூர்: ஈரப் பனிச்சரிவை எப்படிக் கணிப்பது?

மலைவாசி:
வணக்கம். வரும் ஞாயிறு மூன்று பேர் சுவிட்சர்லாந்தில் டாவோஸ் பக்கம் ஃப்ளூவெலா பள்ளத்தாக்கில் ஸ்கீ டூர் (ஸ்கீ மாட்டி மலையேறிச் சறுக்கி இறங்குவது) போகிறோம். ஏறுவது தென்கிழக்குச் சரிவு. இரவு 2 டிகிரி வரைதான் குளிருமாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாவிட்டால் பனி உறையாதா? காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதுமா?

பனித்தடம்:
ஒன்பது வேண்டாம். தென்கிழக்குச் சரிவில் அந்த நேரத்துக்கு நீங்கள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இருட்டோடு கிளம்புங்கள்.

2 டிகிரியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மேகத்தைப் பாருங்கள். வானம் தெளிவாக, காற்று உலர்ந்து இருந்தால் பனியின் மேற்பரப்பு ராத்திரி முழுக்க வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேலே கெட்டி ஓடு பிடித்துவிடும். மேகம் மூடினால் அதே 2 டிகிரியில் பனி சொதசொதவென்றே கிடக்கும். அப்படிப்பட்ட ராத்திரிக்குப் பிறகு நான் செங்குத்தான சரிவுக்கு எவ்வளவு சீக்கிரமாகவும் போக மாட்டேன்.

அப்புறம், காரை விட்டு இறங்கியதும் ஸ்கீ மாட்டாமல் பனியில் நாலடி நடந்து பாருங்கள். பூட்ஸைத் தாங்கினால் நல்லது. ஆனால் தாங்குகிற ஓடு எவ்வளவு கனம் என்றும் பார்க்க வேண்டும். தடியின் முனையால் ஓங்கிக் குத்துங்கள். இரண்டு விரல் கனத்துக்குக் கீழே ஈரமாக இருந்தால் வெயில் பட்டதும் அது போய்விடும். வெயில் முதலில் கிழக்கு, பிறகு தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு என்று சுற்றும். பாறைக்கு அடியிலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ, பூட்ஸ் கணுக்காலைத் தாண்டி இறங்கினாலோ, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளை விட்டு உடனே வெளியேறுங்கள். உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி.

மலைவாசி:
நன்றி அண்ணா. எஸ்எல்எஃப் (சுவிஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம்) அறிக்கையில் ஆபத்து ஐந்தில் நிலை 2 என்றால் போகலாம்தானே?

பனித்தடம்:
எந்த நிலை 2 என்று பாருங்கள் தம்பி. வசந்தத்தில் காய்ந்த பனிக்கும் ஈரப் பனிக்கும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். ஈரப் பனியின் ஆபத்து பகல் ஏற ஏறக் கூடும் என்று எழுதியிருந்தால், விடியலில் பார்த்த சரிவும் பதினொரு மணிச் சரிவும் ஒன்றல்ல. முந்தின நாள் மாலை 5 மணி அறிக்கையை முழுவதும் படியுங்கள், வெறும் எண்ணோடு நிறுத்தாதீர்கள். நீண்ட குளிருக்குப் பிறகு வருகிற முதல் வெப்ப நாட்களில்தான் எனக்குக் கவலை அதிகம். உருகிய நீர் அடியிலிருக்கும் பலவீனமான அடுக்கை முதன்முதலாகத் தொடும்போது மேலிருக்கும் பனி முழுப் பலகையாகப் பெயர்ந்து வரும்.

கீழ்ச்சரிவு:
ஒன்று சேர்க்கிறேன். புல்தரைச் சரிவுகளில் பனி தரைவரை பிளந்து, பழுப்புப் புல் தெரிகிற விரிசல்கள் இருக்கும். அங்கே பனி விழுவதற்கு நேரக் கணக்கே கிடையாது, உறைந்த அதிகாலையிலும் விழும். அடியில் நின்று டீ குடிக்காதீர்கள், ஒவ்வொருவராக விரைந்து கடந்துவிடுங்கள். ஈரப் பனி காய்ந்த பனியைவிட மெதுவாகத்தான் வரும், ஆனால் நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும். புதைந்தவரைத் தோண்டப் போனால் பிளாஸ்டிக் மண்வாரி அதில் இறங்காது. மூன்று பேரிடமும் உலோக மண்வாரி இருக்கட்டும்.