தெர்மிஸ்டருக்கு 'வெப்பத்தடையம்' பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> 'வெப்பத்தடையம்' என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக இருக்கிறது.

தெர்மிஸ்டருக்கு, அதாவது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் உறுப்புக்கு, நீங்கள் சொன்ன இந்தப் பெயர் சுருக்கம்தான். ஆனால் நான் எழுதிவரும் வெப்ப எச்சரிக்கை மணிப் பாடத்தில் அது இடிக்கிறது. டிரான்சிஸ்டரின் சூடு வெளியேறுவதற்குள்ள தடையை, வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று அளப்பதை, 'வெப்பத்தடை' என்கிறோம். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால், வெப்பத்தைத் தடுக்கும் பொருள் என்றுதான் மாணவர் நினைப்பார். தெர்மிஸ்டரோ தடுப்பது மின்னோட்டத்தை. வெப்பத்துக்கு ஏற்ப மாறுவது அதன் தடை.

சுற்றையே பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையில் தெர்மிஸ்டர், அதற்குக் கீழே 1 கிலோ ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றக்கூடிய தடையம்), பிறகு எதிர்முனை. இரண்டும் சேருமிடம் பிசி 547 டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்) போகிறது. 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் உள்ள தெர்மிஸ்டர் (பீட்டா 3950; சூட்டுக்குத் தடை எவ்வளவு மாறும் என்பதைக் காட்டும் எண்), 60 டிகிரியில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். பிரீசெட் 200 ஓமில் இருந்தால், 25 டிகிரியில் அடிவாயில் 0.2 வோல்ட்கூட வராது. 60ஐ நெருங்கும்போது 0.65 வோல்ட்டைத் தொடும். டிரான்சிஸ்டர் கடத்தும், ஏற்பானில் (கலெக்டர்) மாட்டிய பஸ்ஸர் அலறும். (தன் வழியே ஓடும் மின்னோட்டத்தாலும் தெர்மிஸ்டர் சற்றுச் சூடாகும். அதனால் பிரீசெட்டைக் கணக்கை மட்டும் நம்பி வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் தெர்மிஸ்டரை ஒட்டி, தெர்மாமீட்டர் பார்த்துத் திருத்தச் சொல்கிறேன்.)

வேலை முழுவதும் அந்த மாற்றத்தில் இருக்கிறது. 1833இல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் கண்டதும் இதே பண்புதான்: சூடேற ஏறத் தடை குறைகிறது. பெயரிலும் அது தெரியட்டும். 'வெப்புணர் தடையம்' என்கிறேன். வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் எல்டிஆரை 'ஒளியுணர் தடையம்' என்றால், இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும்.

அன்புடன்.

---

அன்புத் தம்பி,

வெப்பத்தடை பற்றிச் சொன்னது சரி. என் சொல்லை விட்டுவிடுகிறேன்.

> 'வெப்புணர் தடையம்' என்கிறேன்.

'உணர்' நன்று, 'வெப்பு' வேண்டாம். பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீற்றுப் பதிகம் தீர்த்த கதை தெரிந்தவர்களுக்கு அது காய்ச்சல். ஓரெழுத்து கூடினாலும் 'வெப்பமுணர் தடையம்' என்றே எழுதுங்கள். சூடேறத் தடை குறைவதை 'இறங்குவகை', கூடுவதை 'ஏறுவகை' என்று முன்னொட்டலாம். உங்கள் சுற்றுக்கு வேண்டியது இறங்குவகை.

உதிரிப் பட்டியலில் மட்டும் பக்கத்திலேயே 'தெர்மிஸ்டர்' என்றும் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.