பனிக்கால பேஸ்பால்: கல்லூரி அணி சீசனுக்குத் தயாரானதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மிச்சிகன் மாணவன்

நானே ஆரம்பிக்கிறேன். புள்ளியியல் முதுகலை படிக்க மிச்சிகன் வந்த முதல் குளிர்காலம். எங்கள் கல்லூரி பேஸ்பால் அணிக்குச் சம்பளமில்லாமல் புள்ளிவிவரம் பார்க்க ஆள் தேடினார்கள். ஓர் அணியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவன் நான் ஒருவன்தான், அதனால் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜனவரி மாதம். மைதானம் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குப் பனி. பயிற்சியெல்லாம் கூரை போட்ட பெரிய கூடத்துக்குள், செயற்கைப் புல்லில். டிராக்மேன் கருவி ஒவ்வொரு பந்துக்கும் காட்டுகிற வேகத்தையும் சுழற்சியையும் சரிபார்த்து ஏற்றுவது என் வேலை. (கோல்ஃபுக்காக டென்மார்க்காரர்கள் செய்த ரேடார் அது. பேஸ்பாலுக்கு அப்புறம்தான் வந்தது.)

பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள், எறிந்துகொண்டே இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பார்த்தால், எறியவிடாமல் தடுப்பதுதான் கோச்சின் பாதி வேலை. ஒரு பையனுக்கு முதல் வாரம் 20 பந்து, அடுத்த வாரம் 25, அப்புறம் 30. எண்ணிக்கை முடிந்ததா, பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னும் இரண்டே இரண்டு என்று கெஞ்சினாலும் கிடையாது. பாளையங்கோட்டையில் பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை பந்து போட்டவன் நான். 30 பந்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது இரண்டு பையன்களின் முழங்கையைப் பார்த்தபோது. உள்பக்கம் நீளமாகத் தையல் தழும்பு. பிட்சருக்கு ஓடிவந்து போடும் வசதி இல்லை. 10 அங்குல மேட்டில் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு எறிய வேண்டும். கையை மடக்கிச் சுழற்றும்போது முழங்கை உள்தசைநார் தாங்கும் இழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அது அறுந்தால் உடம்பில் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைப்பார்கள். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தது. இன்றும் அந்த ஆட்டக்காரர் பெயரில்தான் அழைக்கிறார்கள். செய்துகொண்டால் ஒரு சீசன் போச்சு, சமயத்தில் அதற்கு மேலும்.

கூரைக்குள் செய்ய முடியாத பயிற்சி ஒன்று உண்டு: வானத்துக்கு எழும்பும் பந்தைப் பிடிப்பது. எல்லைப் பக்கம் நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் மூன்று மாதம் அப்படி ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை. சீசனோ பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும். வடக்கத்தி அணிகளெல்லாம் முதல் சில வாரங்கள் தெற்கே போய்த்தான் ஆடும். ஃபுளோரிடாவில் இறங்கிய அன்று மாலை கோச் ஓங்கி ஒரு பந்தை அடித்தார். அவர்களில் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர் அண்ணாந்தான், வெயில் கண்ணில் அடித்தது, பந்து அவனுக்குப் பத்தடி பின்னால் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பந்து தங்களுக்கு வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும்.

டெக்சாஸ் அப்பா

நான் ஒருகாலத்து லெக் ஸ்பின்னர். இங்கே பனிப் பிரச்சினை கிடையாது. அக்டோபரில் அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஆடுவார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரியில் அதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நம் நெட் பயிற்சியில் அவரவர் பாட்டைப் பார்ப்போம். இங்கே ஒன்பது பேரும் சேர்ந்து மனப்பாடம் செய்கிறார்கள். பந்து வலது மூலைக்குப் போனால் யார் வாங்கி யாருக்கு எறிவது, அந்நேரம் சம்பந்தமே இல்லாதவன் ஓடுபவர் தொட வேண்டிய நான்கு தளங்களில் எதற்குப் பின்னால் போய் நிற்பது, எல்லாம். பிட்சர் எறிவதுபோலப் பாவனை செய்வார், கோச் பந்தை முதல் தளத்துப் பக்கம் உருட்டுவார், பிட்சர் ஓடிப்போய்த் தளத்தில் கால் வைக்க வேண்டும். திரும்ப வா. மறுபடி ஓடு. நாற்பது நிமிடம் இதே. என் பையன் "இவங்க எப்பப்பா ஆடுவாங்க?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். நான் கடைசிவரை இருந்தேன். எங்கள் கல்லூரி அணியில் இதில் பத்தில் ஒரு பங்கு செய்திருந்தால்... சரி விடுங்கள்.

லூசியானா அக்கா

நீங்கள் இருவரும் மைதானத்தைச் சொன்னீர்கள், நான் படிப்பறையைச் சொல்கிறேன். ஆட்டக்காரர்களுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். இந்த மாநிலத்தில் பேஸ்பால் என்றால் பைத்தியம். எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 2023-லும் 2025-லும் ஒமாஹாவில் பட்டம் வென்றது. 1950 முதல் கல்லூரிகளின் இறுதிச்சுற்று அந்த ஊரில்தான், எட்டே அணிகளுக்குத்தான் இடம். பையன்கள் நோட்டின் ஓரத்தில்கூட ஒமாஹா என்று கிறுக்கி வைத்திருப்பார்கள்.

வழக்கமான சீசனில் 56 ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று, நடுவாரத்தில் இன்னொன்று. பாடத்தையெல்லாம் முன்கூட்டியே முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் எனக்கு மறக்காதது நவம்பர். இலையுதிர்காலப் பயிற்சி முடிந்ததும் கோச் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிடுவார். தேவைக்கு மேல் ஆள் இருப்பார்கள், சிலரை நிறுத்தியாக வேண்டும். இப்போது 2025-26 முதல் 34 பேர்தான் என்று விதியே வந்துவிட்டது.

என்னிடம் படித்த ஒருவன் மறுநாளும் சரியான நேரத்துக்கு வந்தான். அணியின் பெயர் போட்ட பையைக் காணோம். புத்தகத்தை மளிகைக் கடைப் பையில் கொண்டுவந்திருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. தொகையிடல் கணக்கு ஆறு போட்டோம். அடுத்த பருவத்தில் ஒரு ஜூனியர் காலேஜுக்கு (இரண்டாண்டுக் கல்லூரி) போய் அங்கே ஆடினான்.

மிச்சிகன் மாணவன்

அக்கா, ஒரு சின்னத் திருத்தம். வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்குத்தான் அந்த 34. முன்பு மொத்த அணிக்கும் 11.7 முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான், அதைத்தான் துண்டுபோட்டுப் பங்கிடுவார்கள். இப்போது காசுள்ள கல்லூரி 34 பேருக்கும் முழுதாகவே கொடுக்கலாம்.

சும்மா ஒரு வாசகன்

நம் ஊரில் கிரிக்கெட் ஆடியவர் இதில் நுழைய முடியுமா?

டெக்சாஸ் அப்பா

ரிங்கு சிங், தினேஷ் படேல் கதையைத் தேடிப் படியுங்கள். கிரிக்கெட்காரர்கள்கூட இல்லை, ஈட்டி எறிந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாக அமெரிக்கா வந்து, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் பயிற்சி எடுத்தார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற தொழில்முறை அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. நானும் ஒரு திருவிழாக் கடையில் வேகம் காட்டும் மெஷினுக்கு முன்னால் எறிந்து பார்த்தேன். 51 மைல். ஒரு வாரம் இடது கையால்தான் சாப்பிட்டேன்.

சும்மா ஒரு வாசகன்

மிச்சிகன் தம்பி, ஃபுளோரிடாவில் என்ன ஆச்சு? ஜெயித்தீர்களா?

மிச்சிகன் மாணவன்

மூன்றும் தோல்வி. அந்த சென்டர் ஃபீல்டர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வேலியில் மோதிக்கொண்டே ஒரு பந்தைப் பிடித்தான். இரவு விமானத்தில் திரும்பினோம். காலை ஆறு மணிக்கு மறுபடி அதே கூரைக்குள்.